குழந்தைப்பேற்றுச் சிகிச்சையும் கைசேதமும்

சிவகாசியில் காலண்டர் வேலை மும்முரமாக நடக்கும் கார்த்திகை மாதத்தில், ஓர் இரவு இஷாத் தொழுகைக்குப் பின் ஒரு கணவனும் மனைவியும் என்னைத் தேடி வந்தார்கள். கணவர் ஆப்செட் அச்சகத்தில் வேலை பார்ப்பவர். நிகாஹ் ஆகி ஒன்பது ஆண்டுகள். மனைவியின் கருமுட்டையையும் கணவரின் விந்தணுவையும் வெளியே இணைத்து, உருவான கருவைக் கருப்பையில் வைக்கும் சிகிச்சையை மதுரையில் செய்துகொண்டிருந்தார்கள். அதற்காக நகைகள் அடகுக்குப் போயிருந்தன. கருவை வைத்தபின் ரத்தப் பரிசோதனைக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். சுவரில் மாட்டிய தினசரிக் காலண்டரில் தாள் தாளாகக் கிழித்து அந்தச் சகோதரி நாள் எண்ணியிருக்கிறார். 14 தாள் கிழிந்த பிறகு முடிவு வந்தது. கரு தங்கவில்லை.

நானும் வழக்கம்போல் சபூரின் சிறப்பைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். அவர் இடைமறித்தார்: “சபூராத்தான் இருக்கேன் ஹஜ்ரத். இவங்க எங்கூடப் பேசி இருபது நாளாச்சு. அதுக்கு என்ன செய்ய?”

கணவர் தலையைக் குனிந்துகொண்டார். என் பயானை அத்துடன் நிறுத்திக்கொண்டேன்.

மெல்ல மெல்ல விஷயம் வெளிவந்தது. நிகாஹான முதல் ஆண்டிலேயே அந்தச் சகோதரிக்குக் கரு உண்டாகி, மூன்றாம் மாதத்தில் கலைந்துவிட்டது. அன்று தெருக்குழாயிலிருந்து நாலு குடம் தண்ணீர் தூக்கியதால்தான் அது கலைந்தது என்று இத்தனை ஆண்டுகளாக அவர் தம்மைத்தாமே குற்றம் சாட்டிக்கொண்டிருக்கிறார். கணவருக்கு வேறொரு கைசேதம். அதன்பின் அவர் சவூதிக்குப் போய் நான்கு ஆண்டுகள் இருந்துவிட்டார். திரும்பி வந்த பிறகும், டாக்டர் எழுதிக்கொடுத்த பரிசோதனைக்குப் போகாமல் இரண்டு ஆண்டுகள் தட்டிக்கழித்தார். கடைசியில் பார்த்தபோது குறை அவரிடமும் இருந்தது. தகவல் வந்த அன்று மனைவியின் முகத்தைப் பார்க்க வெட்கி அச்சகத்துக்குப் போய்விட்டார். தன் மீதுள்ள கோபத்தால் போகிறார் என்று மனைவி எடுத்துக்கொண்டார்.

ஒரே வீட்டில் இரண்டு கைசேதங்கள். ஒன்று மற்றொன்றை அறியாது!

இங்கே நாம் ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். கைசேதப்படுவதே தவ்பா என்று நாயகம் (ஸல்) அவர்கள் அருளியுள்ளார்கள். ஆனால், துன்பம் ஏற்பட்டால் ‘இப்படிச் செய்திருந்தால் அப்படி ஆகியிருக்குமே’ என்று சொல்லாதீர்கள், அச்சொல் ஷைத்தானின் வேலைக்கு வாசலைத் திறக்கும் என்று எச்சரித்தவர்களும் அவர்களே. ஸஹீஹ் முஸ்லிமில் இந்த ஹதீஸ் வருகிறது. இரண்டும் எப்படிப் பொருந்தும்? முன்னது பாவத்தைப் பற்றியது. பிறருடைய ஹக்கில் நாம் செய்த தவறைப் பற்றியது. பின்னது நம் கைக்கு அப்பாற்பட்ட விதியைப் பற்றியது. இவ்விரண்டையும் கலந்துவிடும்போதுதான் மனம் கெடுகிறது. தவ்பா செய்ய வேண்டியதற்கு ‘எல்லாம் நஸீப்’ என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். நஸீபாக ஏற்க வேண்டியதற்கு ஆயுள் முழுவதும் அழுகிறோம்.

குடம் தூக்கியது பாவமா? இல்லை. வீட்டு வேலை செய்தார், அவ்வளவே. ஆரம்ப மாதங்களில் கலையும் கருக்களில் ஏறத்தாழ பாதி, கரு உருவாகும்போதே குரோமோசோம்களில் அமைந்துவிட்ட குறையால் கலைகின்றன என்று மருத்துவம் கூறுகிறது. குடம் தூக்கியதால் கரு கலைவதில்லை. கருவை வைத்த பிறகு இரண்டு வாரமும் படுக்கையிலேயே கிடந்திருந்தால் தங்கியிருக்கும் என்பதற்கும் ஆதாரமில்லை. இதையெல்லாம் எடுத்துச் சொன்னபோது, அந்தச் சகோதரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அழட்டும் என்று விட்டுவிட்டேன். தம் அருமைப் புதல்வர் இப்ராஹீம் மறைந்தபோது நபிகள் நாயகமும் (ஸல்) கண்ணீர் வடித்தார்களே!

கணவருடைய கணக்கு அவ்வளவு எளிதன்று. ஹலாலான சம்பாத்தியத்துக்குப் பயணம் போவது குற்றமில்லை. ஆனால் மனைவியின் மனமொப்பிய சம்மதம் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் பிரிந்திருக்க நமக்கு உரிமை உண்டா? கலீஃபா உமர் (ரலி) அவர்கள், படைவீரர்கள் மனைவியரைப் பிரிந்திருக்கும் காலத்துக்கு வரம்பு கட்டியதை நாம் அறிவோம். பரிசோதனையைத் தட்டிக்கழித்த இரண்டு ஆண்டுகளில், மாமியார் மருமகளைப் பார்த்துச் சொன்ன சொற்களை இவர் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். இது நஸீபின் பகுதியன்று, ஹக்கின் பகுதி. மனைவியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிய பகுதி.

நம் ஊர்களில் இது பரவலாக இருப்பதால் சற்று அழுத்தமாகவே சொல்கிறேன். பிள்ளையில்லாத தம்பதியரில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கக் குறைக்கும் பங்குண்டு. ஆணுக்குரிய முதல் பரிசோதனை எளிது, செலவும் குறைவு. அப்படியிருந்தும் பெண்ணை ஊசிக்கும் ஸ்கேனுக்கும் ஊர் ஊராக அலைய வைத்துவிட்டு, கடைசியாகத்தான் ஆண் போகிறார். விந்தணு உருவாக இரண்டரை மாதத்துக்கு மேல் ஆகும். நீண்ட நேரச் சூடு அதைப் பாதிக்கும். சூட்டில் நின்று வேலை பார்க்கும் நம் பகுதி ஆண்கள் இதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுவது நல்லது.

‘இப்படியொரு சிகிச்சை செய்ததே ஹராமோ, அதனால்தான் அல்லாஹ் தரவில்லையோ’ என்ற அச்சமும் அவர்களுக்கு இருந்தது. 1986 அக்டோபரில் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, இவ்வகைச் சிகிச்சையின் ஏழு முறைகளை ஆராய்ந்து, ஐந்தை ஹராம் என்றும், தேவை ஏற்படும்போது இரண்டு ஆகுமானவை என்றும் முடிவு செய்தது. அந்த இரண்டிலும் வித்து கணவனுடையது, முட்டையும் கருப்பையும் மனைவியுடையவை, மூன்றாமவருக்கு இடமில்லை. நம் நாட்டின் 2021ஆம் ஆண்டுச் சட்டம் பிறர் தரும் முட்டையையும் விந்தணுவையும் அனுமதிக்கிறது, ஷரீஅத் அனுமதிக்கவில்லை. ஆகவே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுமுன் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து அதைப் படிக்க வேண்டும். இவர்கள் செய்தது ஆகுமான முறையே. மேலும், முன்சொன்ன ஹதீஸ் ‘இப்படிச் செய்திருந்தால்’ என்பதைத் தடுக்குமுன், உனக்குப் பயன் தருவதில் ஆர்வம் கொள், அல்லாஹ்விடம் உதவி தேடு, தளர்ந்துவிடாதே என்றல்லவா கட்டளையிடுகிறது!

சரி, பேச்சை எப்படித் தொடங்குவது? ஹிஜ்ரி 6இல் ஹுதைபிய்யா உடன்படிக்கை முடிந்ததும், குர்பானி கொடுத்துத் தலைமுடி களையும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். துக்கத்தில் இருந்த தோழர்கள் எழவில்லை. நாயகம் (ஸல்) அவர்கள் கூடாரத்துக்குள் சென்று, தம் மனைவி உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம் நடந்ததைச் சொன்னார்கள். அந்த அம்மையார் ஒரு யோசனை கூற, அதன்படியே நடந்தார்கள், காரியமும் முடிந்தது. யோசனையை நாம் வியந்து பேசுகிறோம். அதற்கு முன்பு நடந்ததையும் கவனியுங்கள்: அல்லாஹ்வின் தூதர் தம் மனவருத்தத்தை வெளியே வைத்துவிடாமல் வீட்டுக்குள் கொண்டுவந்து சொன்னார்கள்.

ஜகரிய்யா (அலை) அவர்கள் பிள்ளை வரம் கேட்டது மெல்லிய குரலில் என்று திருமறை கூறுகிறது. ஆனால் அல்-அன்பியா அத்தியாயத்தில் அக்குடும்பத்தைப் புகழும்போது, ‘அவர்கள் நம்மை அழைத்துப் பிரார்த்திப்போராக இருந்தார்கள்’ என்ற கருத்தில் பன்மையில் கூறுகிறது. அவர்களையும் துணைவியாரையும் மகனையும் சேர்த்தே இது குறிக்கும் என்று முஃபஸ்ஸிர்களில் பலர் எழுதியுள்ளார்கள்.

மன்னிப்பை என் முன்னால் கேட்கும்படி அந்தக் கணவரிடம் நான் சொல்லவில்லை. அது மூன்றாம் மனிதன் முன்னிலையில் நடக்க வேண்டியதன்று. இரண்டே காரியங்களைச் சொல்லி அனுப்பினேன். அடுத்த முறை முடிவு வரும் நாளில் அச்சகத்துக்கு லீவு போட்டுவிட்டு வீட்டில் இருக்க வேண்டும். குறை தம்மிடமும் உண்டு என்பதைத் தாயாரிடம் அவரே போய்ச் சொல்ல வேண்டும். முதலாவதற்கு உடனே தலையசைத்தார். இரண்டாவதற்கு வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அம்மாகிட்ட நாளைக்குச் சொல்லிடறேன் ஹஜ்ரத்” என்றார். அதை அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. மனைவியைப் பார்த்துச் சொன்னார்.