சவுக்கு ஊசியிலை மரமா? எந்த நிலத்தில் வைக்கலாம்?

இமயமலையில் ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்திற்கு மேல் 'ஃபர்' என்னும் ஊசியிலை மரம் வளர்கிறது. பனியைத் தாங்கும் இம்மரம் நம் சமவெளி வெப்பத்தில் பிழைக்காது. அதன் சாயலில் நம் பக்கம் நிற்பது சவுக்கு. கிறிஸ்துமஸ் மரமாக இங்குப் பலர் நடுவதும் சவுக்குக் கிளையைத்தான். ஆனால் இவ்விரண்டும் ஒரே இனம் அல்ல.

கையில் பிடித்துப் பாருங்கள்

சவுக்கில் ஊசி போல் தெரிவது இலை அன்று. பச்சை நிற மெல்லிய கிளை. அதை இழுத்தால் கணுக் கணுவாகக் கழன்று வரும். ஒவ்வொரு கணுவையும் சுற்றி ஆறு முதல் எட்டுச் சிறு பற்கள் இருக்கும். அவையே இலைகள். இலை இவ்வளவு சுருங்கியிருப்பதால் நீர் வீணாவது குறைகிறது. மணலிலும் உப்புக் காற்றிலும் மரம் தாங்குகிறது. ஃபர் மரத்திற்குப் பூவும் கனியும் இல்லை. செதில்களின் மேல் விதை திறந்தே இருக்கும். சவுக்கோ பூக்கும் தாவரம். அதன் சிறு காய்க்குள் இறக்கையுள்ள விதைகள் உள்ளன.

வேரில் முடிச்சுகள் உண்டு. அவற்றில் வாழும் 'ஃபிராங்கியா' என்னும் நுண்ணுயிர் காற்றிலுள்ள தழைச்சத்தை மரத்திற்குச் சேர்க்கிறது. பயறு வகைகளின் வேரிலுள்ள ரைசோபியம் வேறு, இது வேறு. ஆகவே நாற்றங்காலில் நல்ல சவுக்குத் தோப்பின் மண்ணையும் வேர் முடிச்சுகளையும் கலந்திடுவது பயன் தரும்.

பயன்கள்

1868-ல் கார்வாரில் இந்தியாவிற்கு அறிமுகமான சவுக்கு, விறகுக்காகவே முதலில் பரவியது. பச்சையாக இருந்தாலும் எரியும். பந்தல் கால், சாரக்கட்டு, வாழைக்கு முட்டு ஆகியவற்றிற்கும் உதவும். காகித ஆலைகள் கூழ் மரமாக வாங்குகின்றன.

எந்த நிலம்?

விவசாயிகள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இதுதான். மூணாறு தலைப்பில் வெண்ணாறு பிரியும் நீடாமங்கலம் பகுதியில் பெரும்பாலும் களிமண் வயல்கள். மழைக்காலத்தில் பல நாள் தண்ணீர் தேங்கும் வயலில் சவுக்குக் கன்று அழுகிவிடும். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்துச் செம்மண்ணில் செழித்ததைப் பார்த்து இங்கு நெல் வயலில் வைத்துவிடக்கூடாது. மேலும் வெட்டுக்கு மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். அதுவரை அந்த நிலம் வீட்டுக்குச் சோறு தராது. சம்பா விளையும் ஒரு ஏக்கரைச் சவுக்குக்குக் கொடுப்பது சிறு விவசாயிக்கு ஏற்றதன்று. வடிகால் உள்ள மேட்டுத் திடல், ஆற்றுப் படுகையை ஒட்டிய மணற்பாங்கான பட்டா நிலம், தோப்பின் ஓரம் ஆகியவையே தகுந்த இடங்கள்.

நடவு

கன்றுக்குக் கன்று, வரிசைக்கு வரிசை ஒன்றரை மீட்டர் விட்டால் ஏக்கருக்குச் சுமார் 1,800 கன்றுகள் பிடிக்கும். மழையின் வேகம் தணிந்த மார்கழி, தை மாதங்களில் நடலாம். வேர் பிடிக்கும் வரை தண்ணீர் விட வேண்டும். முதல் ஆண்டில் இடையில் உளுந்து, நிலக்கடலை போடலாம். நாற்றங்காலில் எறும்பு விதையை இழுத்துச் செல்லும், கவனம் தேவை. கோவையிலுள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் வீரிய ஒட்டுக் கன்றுகளை வெளியிட்டுள்ளது. நிலம் முழுவதும் ஒரே வகையை நடாமல் இரண்டு, மூன்று வகைகளைக் கலந்து நட்டால், நோய் வந்தாலும் எல்லாம் ஒருசேரப் போகாது.

காற்றுத் தடுப்பு

ஆடிக் காற்றில் ஒடியும் வாழைக்கு மேற்குப் பக்கம் இரண்டு வரிசைச் சவுக்கு நல்ல அரண். மரத்தின் உயரத்தைப் போல் ஏறத்தாழ பத்து மடங்கு தூரம் வரை காற்றின் வேகம் குறையும். 2018 நவம்பரில் வந்த கஜா போன்ற புயலை எந்த மரமும் முழுதாகத் தடுக்காது. பக்கத்து வயலில் நிழல் விழாதபடி வரப்பிலிருந்து தள்ளி நடுவது அண்டை வீட்டாரோடு மனத்தாங்கல் வராமல் காக்கும்.

கன்று வாங்கும் முன் இரண்டு காரியங்கள் செய்ய வேண்டும். நீடாமங்கலம் வேளாண்மை அறிவியல் நிலையத்தில் மண்ணைக் காட்டி யோசனை கேட்க வேண்டும். வெட்டுக்கூலி, வண்டிச் சத்தம் யாருடையது, விலை எப்படி என்பதை வாங்குபவரிடம் எழுத்தில் பெற வேண்டும். மரம் தானே வளரும். கணக்கை முன்கூட்டியே நாம்தான் போட வேண்டும்.