பதின்மூன்று நாள் போர்

வரலாற்று மன்ற மாணவியர்

முன்னுரை

வகுப்பில் 1971ஆம் ஆண்டு இந்திய – பாகிஸ்தான் போரைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்த சமயம், எங்கள் தோழி ஒருத்தி தன் பாட்டியின் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு பழைய கடித உறையை எடுத்து வந்தாள். இராஜபாளையத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த தமக்கை, சுந்தரபாண்டியத்தில் இருந்த தங்கைக்கு எழுதிய கடிதம் அது. வழக்கமான தபால்தலையுடன் 5 காசுத் தலை ஒன்றும் உறையில் ஒட்டப்பட்டிருந்தது. அதன்மேல் ‘அகதிகள் நிவாரணம்’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொற்கள் அச்சிடப்பட்டிருந்தன. அஞ்சல் முத்திரையில் கண்ட தேதி 29–11–1971.

நாங்கள் படித்த பாடத்திலோ, போர் டிசம்பர் 3இல் தொடங்கி 16இல் முடிந்தது என்றிருந்தது. தொடங்காத போருக்கு நவம்பரிலேயே அகதிகள் எங்கிருந்து வந்தனர்? இவ்வினாவை ஆசிரியையிடம் கேட்டோம். “நல்ல கேள்வி. நீங்களே தேடி எழுதுங்கள்” என்றார்கள். அவ்வாறு தேடிக் கற்றதை, நம் பள்ளித் தோழியரோடு இம்மலரின் வாயிலாகப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

போருக்கு வித்திட்டவை

1947இல் பிறந்த பாகிஸ்தான் இரு துண்டுகளாக இருந்தது. மேற்குப் பாகிஸ்தானுக்கும் கிழக்குப் பாகிஸ்தானுக்கும் இடையே சுமார் 1,600 கிலோமீட்டர் இந்திய நிலம் பரந்து கிடந்தது. மக்கள்தொகையில் கிழக்கே பெரிது. ஆட்சியும் படையும் மேற்கின் கையில். கிழக்கு மக்களின் தாய்மொழியான வங்காளத்துக்கு உரிய இடம் தராமல் உருது மட்டுமே அரச மொழி என்றனர். 1952 பிப்ரவரி 21 அன்று டாக்காவில் மொழிக்காகப் போராடிய மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அந்த நாளையே யுனெஸ்கோ 1999இல் உலகத் தாய்மொழி நாளாக அறிவித்தது. தமிழராகிய நமக்கு இந்த வேதனையை எவரும் விளக்க வேண்டியதில்லை.

1970 நவம்பரில் கிழக்குக் கரையைப் பெரும்புயல் தாக்கி, மூன்று லட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர் எனக் கணக்கிடப்படுகிறது. அரசின் உதவி காலந்தாழ்ந்தது என்ற சினம் மக்களிடையே மூண்டது. அடுத்த மாதமே பொதுத்தேர்தல். ஷேக் முஜிபுர் ரகுமானின் அவாமி லீக் கிழக்கில் 162 பொது இடங்களுள் 160ஐ வென்று, நாடு முழுமைக்கும் பெரும்பான்மை பெற்றது. எனினும் அதிபர் யாஹியா கான் ஆட்சியை ஒப்படைக்கவில்லை. 1971 மார்ச் 25 நள்ளிரவில் டாக்கா நகரத்தின் மீது படையை ஏவினார். பல்கலைக்கழக விடுதிகளில் மாணவர்களும் ஆசிரியர்களும் கொல்லப்பட்டனர். முஜிபுர் சிறைப்பட்டார்.

அன்று தொடங்கிய ஓட்டம் நிற்கவில்லை. மேற்கு வங்கம், திரிபுரா, அஸ்ஸாம், மேகாலயா ஆகிய பகுதிகளுக்குள் ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் வந்து சேர்ந்தனர். முகாம்களில் காலரா பரவியது. கல்கத்தாவின் சால்ட் லேக் முகாமில் அன்னை தெரசாவும் அவர்தம் சகோதரியரும் பணிபுரிந்தனர். இத்தனை பேருக்கும் உணவளிக்கும் செலவின் ஒரு பகுதியை ஈடுசெய்யவே, 1971 நவம்பர் 15 முதல் அந்த 5 காசுத் தலை கட்டாயமாக்கப்பட்டது. 1973 மார்ச் வரை இது நீடித்தது.

தோழியின் பாட்டியிடம் இதைப் பற்றிக் கேட்டோம். “எதுக்குன்னு அப்ப தெரியாது தாயீ. தபாலாபீஸ்ல ஒட்டணும்னாங்க, ஒட்டினோம்” என்றார். கண்ணால் காணாத ஒரு கோடிப் பேருக்காக, தெரிந்தோ தெரியாமலோ, நம் ஊர்க் குடும்பங்களும் கடிதத்துக்குக் கடிதம் 5 காசு கொடுத்திருக்கின்றன!

ஏன் டிசம்பர் வரை காத்திருந்தனர்?

ஏப்ரல் மாதத்திலேயே படையெடுக்கலாமா என்று தம்மிடம் கேட்கப்பட்டதாகவும், தாம் மறுத்ததாகவும் தரைப்படைத் தளபதி மானெக்‌ஷா பிற்காலத்தில் கூறியிருக்கிறார். மழைக்காலத்தில் கிழக்கு வங்காளம் முழுவதும் ஆறும் சேறுமாகிவிடும். குளிர்காலம் வந்தால் இமயக் கணவாய்களைப் பனி மூடும். சீனப் படை எளிதில் இறங்க இயலாது. பூகோளப் பாடத்தை அறிந்தவரே போர்க்களத்தையும் அறிவார் என்பதற்கு இது நல்ல சான்று. இதற்கிடையே ஆகஸ்டு 9 அன்று இந்தியா சோவியத் ஒன்றியத்தோடு நட்புறவு ஒப்பந்தம் செய்துகொண்டது. வங்காள இளைஞர்களைக் கொண்ட முக்தி வாஹினி என்னும் விடுதலைப் படை இந்தியாவில் பயிற்சி பெற்றது. நவம்பர் 21 அளவில், கரீப்பூர் என்னுமிடத்தில் இந்தியப் படையும் பாகிஸ்தான் டாங்கிகளும் மோதியும் விட்டன. ஆகவே, ‘டிசம்பர் 3’ என்பது முழு அளவிலான போர் மூண்ட நாளே அன்றி, துப்பாக்கி முதலில் வெடித்த நாள் அன்று.

நாள்தோறும்

எங்கள் வகுப்புச் சுவரில் பெரிய தாள் ஒன்றை ஒட்டி, நாளுக்கொரு கட்டம் வரைந்து நிரப்பினோம். அதன் சுருக்கம் வருமாறு:

டிசம்பர் 3, வெள்ளி: மாலையில் பாகிஸ்தான் விமானங்கள் அமிர்தசரஸ், பதான்கோட், ஸ்ரீநகர் முதலிய விமானத் தளங்களைத் தாக்கின. சேதம் அதிகமில்லை. கல்கத்தாவில் இருந்த பிரதமர் இந்திரா காந்தி இரவே டெல்லி திரும்பி, நள்ளிரவுக்குப் பின் வானொலியில் நாட்டு மக்களுக்கு உரையாற்றினார்.

டிசம்பர் 4: ‘விக்ராந்த்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து எழுந்த விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. அக்கப்பலைத் தேடி வந்த பாகிஸ்தானின் ‘காஸி’ நீர்மூழ்கி, முந்தைய இரவிலேயே விசாகப்பட்டினத்தின் அருகே மூழ்கிப் போனது. நம் கடற்படையின் குண்டுகளே காரணம் என்பது இந்தியாவின் கூற்று. உள்ளே நேர்ந்த வெடிப்பு என்பாரும் உளர். கங்காசாகர் என்ற இடத்தில், சோட்டாநாகபுரிப் பழங்குடிக் குடும்பத்தில் பிறந்த ஆல்பர்ட் எக்கா, எதிரியின் இயந்திரத் துப்பாக்கிகளை ஒடுக்கி உயிர் நீத்தார். அவருக்குப் பரம்வீர் சக்கரம் அளிக்கப்பட்டது. இரவில் நம் ஏவுகணைப் படகுகள் கராச்சித் துறைமுகம் வரை சென்று தாக்கின. இந்நாளே கடற்படை நாளாகக் கொண்டாடப்படுகிறது.

டிசம்பர் 5: ராஜஸ்தான் பாலைவனத்தில் லோங்கேவாலா காவல்முனையை இரவு முழுவதும் சுமார் 120 வீரர்கள், டாங்கிப் படைக்கு எதிராகக் காத்து நின்றனர். பொழுது விடிந்ததும் ஜெய்சல்மேரிலிருந்து வந்த ஹண்டர் விமானங்கள் டாங்கிகளைச் சிதறடித்தன.

டிசம்பர் 6: இந்தியா பங்களாதேஷை அங்கீகரித்தது. பூட்டானும் அதே நாளில் அங்கீகரித்தது.

டிசம்பர் 7: ஜெசூர் நகரம் வீழ்ந்தது. போரை நிறுத்தக் கோரும் தீர்மானம் ஐ.நா. பொதுச் சபையில் 104 வாக்குகளுக்கு 11 என்ற கணக்கில் நிறைவேறியது. பாதுகாப்புச் சபையிலோ சோவியத் ஒன்றியம் தன் வீட்டோ அதிகாரத்தால் இத்தகைய தீர்மானங்களைத் தடுத்து வந்தது.

டிசம்பர் 8: கராச்சி மீண்டும் தாக்கப்பட்டு, எண்ணெய்க் கிடங்குகள் எரிந்தன. மறுபுறம், குஜராத்தின் பூஜ் விமான ஓடுபாதை பாகிஸ்தான் குண்டுகளால் பிளந்தது. அதைச் செப்பனிடப் போதிய ஆட்கள் இல்லை. அருகிலுள்ள மாதாப்பர் கிராமத்துப் பெண்கள் சுமார் 300 பேர் முன்வந்தனர். அபாயச் சங்கு ஒலிக்கும்போது புதரில் பதுங்கியும், ஓய்ந்ததும் கல் சுமந்தும், மூன்றே நாட்களில் ஓடுபாதையைச் சீராக்கினர். வானத்திலிருந்து தெரியாதிருக்கப் பாதையின்மேல் சாணம் மெழுகினர். வாசல் மெழுகத் தெரிந்த கைகள் நாட்டையும் காத்தன.

டிசம்பர் 9: டையூவுக்கு அப்பால் ‘குக்ரி’ என்ற நம் போர்க்கப்பலைப் பாகிஸ்தானின் ‘ஹங்கோர்’ நீர்மூழ்கி மூழ்கடித்தது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மாண்டனர். கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலை விட்டு அகலாமல் அதனோடு மூழ்கினார்.

இக்கட்டத்தை எழுதும்போது நிகழ்ந்த ஒன்றை மறைக்காமல் கூறுகிறோம். ‘காஸி’ மூழ்கியதை எழுதியபோது எங்களுள் பலர் கைதட்டினோம். ‘குக்ரி’யை எழுதியபோது வகுப்பே மௌனமாயிற்று. ஆசிரியை எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. “காஸியில் எத்தனை பேர்?” என்று மட்டும் கேட்டார்கள். தொண்ணூறுக்கும் மேற்பட்டோர், ஒருவரும் பிழைக்கவில்லை. “இரண்டு எண்களையும் கூட்டி எழுதுங்கள்” என்றார்கள். கூட்டினோம், 280ஐத் தாண்டியது. அதன்பின் நாங்கள் எந்தக் கட்டத்துக்கும் கைதட்டவில்லை.

டிசம்பர் 10: பாலம் தகர்ந்திருந்த மேக்னா ஆற்றைப் படகுகளிலும் ஹெலிகாப்டர்களிலும் நம் படை கடந்துகொண்டிருந்தது. அமெரிக்கா, ‘என்டர்பிரைஸ்’ என்ற அணுசக்திக் கப்பலின் தலைமையில் ஒரு கப்பல் அணியை வங்கக் கடலுக்கு அனுப்ப ஆணையிட்டது.

டிசம்பர் 11: டங்காயில் அருகே நம் வீரர்கள் பாரசூட்டில் குதித்து, டாக்காவுக்குப் பின்வாங்கும் வழியை அடைத்தனர்.

டிசம்பர் 12, 13: டாக்காவைச் சுற்றி முற்றுகை இறுகியது. சரணடைவோர் மரியாதையாக நடத்தப்படுவர் என்று மானெக்‌ஷாவின் செய்தி வானொலியிலும் துண்டுத்தாள்களிலும் பாகிஸ்தான் வீரர்களைச் சென்றடைந்தது.

டிசம்பர் 14: டாக்கா ஆளுநர் மாளிகையை மிக் விமானங்கள் தாக்கின, ஆளுநர் மாலிக் பதவி விலகினார். ஸ்ரீநகர் வானில் தனித்து நின்று போரிட்ட நிர்மல்ஜித் சிங் செகோன் வீழ்ந்தார். அந்நாளை ஒட்டியே டாக்காவில் பேராசிரியர்களும் மருத்துவர்களும் எழுத்தாளர்களும் வீடுகளிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டனர். பிறக்கப்போகும் நாட்டின் அறிவை முன்கூட்டியே அழிக்கும் கொடுமை இது. பங்களாதேஷில் இன்றும் இது துக்க நாள்.

டிசம்பர் 15: பாகிஸ்தான் தளபதி போர்நிறுத்தம் கேட்டார். மாலையிலிருந்து டாக்காவின் மீது விமானத் தாக்குதல் நின்றது.

டிசம்பர் 16, வியாழன்: மாலை நாலரை மணியளவில் டாக்கா குதிரைப் பந்தயத் திடலில், தளபதி நியாஸி சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். தளபதி ஜக்ஜித் சிங் அரோரா அதை ஏற்றார். சுமார் 93,000 பேர் சிறைப்பட்டனர். அதே நாளில், மேற்கே பஸந்தர் ஆற்றங்கரையில் எரியும் டாங்கியை விட்டு இறங்க மறுத்து மாண்டார் அருண் கேத்தர்பால். வயது 21, படையில் அதிகாரியாகி ஆறே மாதம்.

டிசம்பர் 17, இரவு எட்டு மணிக்கு மேற்கு முனையிலும் துப்பாக்கிகள் ஓய்ந்தன.

முடிந்ததா?

தாளில் கட்டங்கள் தீர்ந்தன, செய்தி தீரவில்லை. முஜிபுர் ரகுமான் விடுதலையாகி டாக்கா சேர்ந்தது 1972 ஜனவரி 10. சிம்லா ஒப்பந்தம் கையெழுத்தானது அவ்வாண்டு ஜூலையில். போர்க்கைதிகள் அனைவரும் வீடு திரும்ப 1974 ஆயிற்று. கிழக்கில் மாண்ட பொதுமக்கள் 30 லட்சம் என்கிறது பங்களாதேஷ். பிறர் கணக்குகள் இதற்கு மிகக் குறைவு. பெரும்பாலான கணக்குகளின்படி அது லட்சங்களில் நிற்கிறது. இந்திய வீரர்கள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். கொடுமைக்கு ஆளான பெண்களைப் புதிய அரசு ‘பீராங்கனா’, அதாவது வீராங்கனை என்று அழைத்தது. பட்டம் கிடைத்தும், பலரை அவர்தம் ஊரும் உறவும் ஏற்கவில்லை. அவர்களுக்குப் போர் எந்தத் தேதியில் முடிந்தது என்று எந்தப் புத்தகமும் சொல்ல இயலாது.

வென்ற தளபதி மானெக்‌ஷா, ஓய்வுக்குப் பின் நம் நீலகிரியில் குன்னூரில் வாழ்ந்து, 2008இல் வெலிங்டன் இராணுவ மருத்துவமனையில் காலமானார். ஊட்டியில் அடக்கம் செய்யப்பட்டார்.

முடிவுரை

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்வதை நாம் அறிவோம். போர் என்றதும் பீரங்கி நம் நினைவுக்கு வருகிறது. அந்த வெள்ளைத் துணி வருவதில்லை. வருமானால், போரின் நாட்களை நாம் வேறு விதமாக எண்ணுவோம்.

தேர்வுத் தாளில் ‘டிசம்பர் 3 முதல் 16 வரை’ என்றே எழுதுவோம், மதிப்பெண்ணும் பெறுவோம். அது தவறன்று. ஆனால் அது படைகளின் கணக்கு. மக்களின் கணக்கு முன்னதாகத் தொடங்கிப் பின்னும் நீள்கிறது. அடைக்கலம் தேடி வந்தவர்க்கு இடம் கொடுத்த நாடு இது என்பதில் நாம் பெருமை கொள்ளலாம். அந்தப் பெருமை, எதிர்ப்பக்கத்துத் தாயின் கண்ணீரை நாம் மறப்பதற்குக் காரணமாகிவிடலாகாது.

எங்கள் சுவர்த்தாளில் இப்போது டிசம்பர் 3க்கு முன்பாக ஒரு கட்டம் சேர்த்திருக்கிறோம். அதில் அந்தக் கடித உறையின் நகலை ஒட்டியுள்ளோம். டிசம்பர் 17க்குப் பின்னும் ஒரு கட்டம் வரைந்தோம். அதில் என்ன எழுதுவது என்று வகுப்பில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. மழைக்காலமும் இமயப் பனியும் 1971ஆம் ஆண்டுப் போரின் காலத்தை எவ்வாறு முடிவு செய்தன?

2. மாதாப்பர் கிராமத்துப் பெண்களின் பணியைப் போர்வீரர்களின் பணியோடு ஒப்பிடுக.

3. உங்கள் வீட்டில் 1971ஆம் ஆண்டை நினைவில் வைத்திருப்போர் எவர்? அவர்களிடம் கேட்டு ஒரு பக்கம் எழுதி வருக.