கேம்பல் பேயிலிருந்து லோக்கலைசேஷன் வேலைக்கு: 5 படிகள்

1969 முதல் பல மாநிலங்களின் முன்னாள் ராணுவ வீரர்கள் குடும்பத்தோடு குடியேறிய ஊர், கிரேட் நிகோபார் தீவின் கேம்பல் பே. இங்கே வளர்ந்த தமிழருக்கு இந்தியும் ஆங்கிலமும் கூடவே வந்துவிடும். 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்ட சென்னை - அந்தமான் கடலடி கேபிள் கிரேட் நிகோபார் வரை வருகிறது. மொழி இருக்கிறது, இணைப்பும் இருக்கிறது. ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மெனு, எச்சரிக்கை, பிழைச் செய்திகளைத் தமிழாக்கும் லோக்கலைசேஷன் துறைக்கு இங்கிருந்தே தயாராகலாம். போட்டிக்கு வருபவர் மொழியியல் பட்டத்தோடு வருவார். நீங்கள் முடித்த வேலையோடு போய் நில்லுங்கள்.

1. ஓப்பன் சோர்ஸில் பெயர் பதியுங்கள். லினக்ஸ் டெஸ்க்டாப்புகளான கேடிஇ, க்னோம் இரண்டையும் தமிழுக்குக் கொண்டுவந்ததில் தன்னார்வலர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த வேலை இன்னும் முடியவில்லை. புது வெர்ஷன் வரும்போதெல்லாம் புதுச் செய்திகள் சேரும். மொழிபெயர்ப்பு வரிகள் இருக்கும் பிஓ ஃபைலின் தலைப்பிலேயே கடைசியாக மொழிபெயர்த்தவரின் பெயர் இருக்கும். சம்பளம் கிடையாது, ஆனால் யாரும் சரிபார்க்கக்கூடிய போர்ட்ஃபோலியோ கிடைக்கும்.

2. ஆஃப்லைனில் உழையுங்கள். பிஓ என்பது சாதாரண டெக்ஸ்ட் ஃபைல். டவுன்லோட் செய்து, போஎடிட் அல்லது லோக்கலைஸ் எடிட்டரில் முடித்து, நெட் வரும்போது ஏற்றலாம். சிக்னல் போனதை டெட்லைன் தவறியதற்குக் காரணமாகச் சொல்லாதீர்கள்.

3. டெக்னிக்கலில் தேறுங்கள். பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். செய்திக்குள் ஃபைல் பெயரும் எண்ணும் வந்து உட்கார சதவீதக் குறியோடு இடம் விட்டிருப்பார்கள். தமிழில் வினை கடைசியில் வருவதால் அந்த இடங்களின் வரிசை மாறும். இடங்களுக்கு வரிசை எண் கொடுக்காமல் மாற்றினால் தவறான தகவல் தெரியும். சில சமயம் புரோகிராமே நின்றுவிடும். ஒருமை, பன்மை இரண்டையும் நிரப்புங்கள். ஆங்கில மூலம் மாறிய வரிகளில் ‘ஃபஸ்ஸி’ குறி விழும். அதைச் சரிபார்த்து நீக்காதவரை உங்கள் தமிழ் பயனரைச் சென்றடையாது. அனுப்புமுன் கெட்டெக்ஸ்ட் கருவியில் செக் ஓட்டுங்கள்.

4. திரையில் பாருங்கள். டிஸ்க்கை அழிக்கப்போகும் எச்சரிக்கையைப் படிப்பவருக்கு, டேட்டா போய்விடும் என்பது ஒரே வாசிப்பில் புரிய வேண்டும். நீளமான தமிழ்ச் சொல் பட்டனில் வெட்டுப்படும். ஒரே கட்டளைக்கு எல்லா இடத்திலும் ஒரே சொல் வர, சொந்தமாக ஒரு குளோசரி வைத்துக்கொள்ளுங்கள்.

5. ரிவ்யூவரிடம் நல்ல பெயர் எடுங்கள். சின்ன ஃபைலை எடுத்து முழுதாக முடியுங்கள். திருத்தம் சொன்னால் வாதாடாமல் காரணம் கேளுங்கள். மெஷின் டிரான்ஸ்லேஷனை அப்படியே ஒட்டி அனுப்பினால் அன்றோடு நம்பிக்கை போய்விடும். பல கம்பெனிகள் இப்போது மெஷின் தந்ததைத் திருத்த ஆள் தேடுகின்றன. பிழையைக் கண்டுபிடிக்கும் கண்ணுக்குத்தான் காசு.

ரெஸ்யூமில் புராஜெக்ட், கருவிகள், லிங்க் மூன்றையும் மேலே வையுங்கள். ரேட் பேசும்போது வார்த்தைக்கு எவ்வளவு, மணிக்கு எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள். டெஸ்ட் என்ற பெயரில் பக்கம் பக்கமாக இலவச வேலை கேட்டால் மறுத்துவிடுங்கள்.

இந்த வாரமே க்னோம் தமிழ்ப் பக்கத்தில் ஒரு சின்ன மாட்யூலை உங்கள் பெயரில் ரிசர்வ் செய்யுங்கள். முடித்துக் காட்டிய ஒரு ஃபைல், பத்து சர்ட்டிஃபிகேட்டைவிட இன்டர்வியூவில் அதிகம் பேசும்.