பல்லுக்குக் கம்பி எந்த வயதில்?

பல் மருத்துவம் பயில்கிறேன் என்று தெரிந்தால் போதும், சிராங்கூன் சாலையின் தீபாவளி நெரிசலிலும் உறவினர்கள் நிறுத்திக் கேட்பார்கள்: "தம்பி, பிள்ளைக்கு முன்பல்லு தூக்கிக்கிட்டு இருக்கு. இப்பவே கம்பி போட்டுடலாமா, பி.எஸ்.எல்.இ. முடியட்டுமா?"

ஏழு வயதுக்குள் பல் சீரமைப்பு மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட வேண்டும் என்பது அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர் சங்கத்தின் பரிந்துரை. நம் ஊரில் அது தொடக்கநிலை ஒன்று. காட்டியதும் கம்பி போட வேண்டும் என்று பொருளல்ல. எட்டு வயதில் மேல் முன்பற்களுக்கு நடுவே தெரியும் இடைவெளி, 11, 12 வயதில் கோரைப்பற்கள் முளைக்கும்போது பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும்.

முன்பல் நீட்டலுக்கு வருவோம். பத்ரி திருவேங்கடாச்சாரி முதன்மை ஆசிரியராக இருந்து 2013இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, சிறுவயதில் ஒருமுறையும் பதின்ம வயதில் மறுமுறையும் செய்யும் சிகிச்சையை, பதின்ம வயதில் ஒரே தடவை செய்வதோடு ஒப்பிட்டது. முடிவில் பெரிய வேறுபாடு இல்லை. ஒன்றில் மட்டும் ஆதாயம்: முன்பற்கள் அடிபடுவது குறைகிறது. புளோக்கின் கீழ்த்தளத்தில் நாளெல்லாம் பந்து விளையாடும் பையனுக்கு முன்கூட்டியே செய்வது நியாயம். மற்றவர்கள் இரண்டு தடவை செலவழிக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

கீழ்த்தாடை முன்தள்ளி, கீழ்ப்பற்கள் மேற்பற்களுக்கு முன்னால் கடித்தால் காத்திருக்கக் கூடாது. மேல்தாடை எலும்பின் பொருத்துகள் இளகியிருக்கும்போதுதான் முகக்கவசக் கருவியால் அதை முன்னே இழுக்க முடியும். பத்து வயதுக்கு முன் தொடங்கினால் பலன் அதிகம். தாமதித்தால், கடுமையான குறைக்கு வளர்ச்சி நின்றபின் அறுவைச் சிகிச்சைதான் வழி.

இனி பி.எஸ்.எல்.இ. கீழ்த்தாடை பின்தங்கியிருந்தால், வளர்ச்சி வேகத்தோடு சேர்த்துத்தான் கருவி வேலை செய்யும். அந்த வேகம் பெண்பிள்ளைகளுக்கு 12 வயதையொட்டியும் ஆண்பிள்ளைகளுக்கு 14 வயதையொட்டியும் உச்சம் அடைகிறது. மகனுக்குத் தேர்வு முடியட்டும் எனலாம். மகளுக்கு அதற்குள் உச்சம் கடந்துவிடக்கூடும். பூப்பெய்திவிட்டால் கடந்துவிட்டது என்றே கொள்ளலாம். பக்கவாட்டு எக்ஸ்ரேயில் கழுத்தெலும்பின் வடிவைப் பார்த்து மருத்துவர் கணிப்பார்.

பல் வரிசை மட்டுமே கோணல் என்றால் அவசரமில்லை. ஈறும் எலும்பும் நலமாயிருந்தால் நாற்பதிலும் போடலாம். முன்னாள் மாணவர்கள் கவனிக்க!