புவிக்கம்பியின் வேலை

சாச்சி வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த மின்கேத்தலின் பிளக்கில் இரண்டு உருண்டைப் பின்கள்தாம் இருந்தன. எங்கள் குசினிச் சுவரிலோ மூன்று சதுரத் துளைகள். உம்மா மேல்துளையில் ஒரு பேனா மூடியைச் செருகி, கீழே இரண்டு பின்களையும் அழுத்திவிட்டார். தண்ணீரும் கொதித்தது. பல வீடுகளில் நடப்பதுதான். இதிலுள்ள ஆபத்தை உம்மாவுக்கு விளக்க, விஞ்ஞானப் பாடப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு குசினிக்கே போனேன்.

13 அம்பியர் பிளக்கின் மேல் பின் மற்ற இரண்டையும் விட நீளமானது. அது முதலில் நுழைந்து, கீழ்த்துளைகளை மறைத்திருக்கும் தடுப்பைத் திறக்கும். சிறுபிள்ளைகள் கம்பி, ஊசி எதையும் நுழைத்துவிடாதிருக்கவே அந்தத் தடுப்பு. பேனா மூடியும் அதைத் திறந்துவிடும். ஆனால் நீளப் பின்னின் முக்கிய வேலை வேறு. பச்சையும் மஞ்சளும் கலந்த புவிக்கம்பி, கேத்தலின் உலோக உடலை அந்தப் பின்னோடு இணைக்கிறது. உள்ளே உயிர்க்கம்பி தேய்ந்து உடலில் பட்டால், பெருமளவு மின்னோட்டம் புவிக்கம்பி வழியே பாய்ந்து உருகியை எரித்துவிடும்.

“உருகிதான் இருக்கே, அது காணாதா?” என்று உம்மா கேட்டார். நல்ல கேள்வி. 2000 வாற்றுக் கேத்தல் 230 வோல்ற்றில் ஏறக்குறைய 8.7 அம்பியர் எடுக்கும். அதற்காகவே 13 அம்பியர் உருகி. மனித உயிரைப் பறிக்க ஓர் அம்பியரின் பத்திலொரு பங்கே போதும். உருகிக்கு அது தெரியவே தெரியாது. புவிக்கம்பி இல்லையென்றால், உலோக உடலில் மின் ஏறியிருந்தாலும் தண்ணீர் வழமைபோலக் கொதிக்கும். ஈரக்கையோடு, வெறுங்காலோடு தொடுபவரின் உடல்தான் அப்போது புவிக்கம்பி.

எல்லாப் பொருளுக்கும் இது தேவையில்லை. எங்கள் பிளெண்டரின் அடியில் சதுரத்துக்குள் ஒரு சதுரம் பொறித்திருக்கிறது. இரட்டைக் காப்பு உடையது என்பதே அதன் பொருள். கேத்தலில் அந்த அடையாளம் இல்லை.

அடப்டர் வாங்கும்போதும் கவனம் வேண்டும். சிலவற்றின் மேல் பின் வெறும் பிளாஸ்திக். தடுப்பைத் திறக்குமே தவிர புவியோடு இணைக்காது. பிளக்கை மாற்றுவதானால் வயரையும் பார்க்க வேண்டும். உள்ளே இரண்டு கம்பிகளே இருந்தால் மூன்று பின் போட்டும் பயனில்லை.

30 மில்லி அம்பியர் என்று குறித்த ட்ரிப் சுவிட்ச் வீட்டில் இருந்தால், அவ்வளவு சிறிய கசிவுக்கே அது விழுந்துவிடும். அதிலுள்ள ‘டெஸ்ட்’ பொத்தானை இடைக்கிடை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் மின்வினைஞரை அழையுங்கள்.