ஹாம் ரேடியோ வாங்கப் போறீங்களா? விலையை விட்டுட்டு வருஷச் செலவைப் பாருங்க

ஏஎஸ்ஓசி தேர்வு பாஸ் பண்ணி, ஹாம் உரிமமும் வாங்கியாச்சு. அடுத்த கேள்வி: புது செட்டா, செகண்ட் ஹேண்டா? விலைப்பட்டியலை மூடி வச்சுட்டு இந்தக் கணக்கைப் போடுங்க.

(வாங்கின விலை − விற்கும் விலை) ÷ வருஷங்கள் + வருஷ ரிப்பேர் செலவு

உதாரணத்துக்கு:

புது செட்: ₹70,000. 7 வருஷம் கழிச்சு ₹28,000-க்கு விற்கிறீங்க. தேய்மானம் வருஷத்துக்கு ₹6,000, ரிப்பேர் ₹2,000. மொத்தம் ₹8,000.

பழைய செட்: ₹25,000. 5 வருஷம் கழிச்சு ₹10,000. தேய்மானம் ₹3,000, ரிப்பேர் ₹7,000. மொத்தம் ₹10,000.

ரிப்பேர் ₹5,000-க்குள்ள அடங்கினா பழைய செட்தான் லாபம். அதனால பேரம் பேசுறதுக்கு முன்னாடி மூணு விஷயம் கேளுங்க:

1. சர்க்யூட் படம் இருக்கா?
2. உதிரி பாகம் இன்னும் கிடைக்குதா?
3. யார் சரி பண்ணுவாங்க? திருவண்ணாமலையிலிருந்து சென்னைக்கு அனுப்பினா, போக வர பார்சல் செலவும் ரிப்பேர் கணக்குலதான் வரும்.

இந்த மூணுக்கும் நல்ல உதாரணம், ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைச்ச பிட்எக்ஸ் செட். சர்க்யூட் எல்லாருக்கும் திறந்தே இருக்கு. அதோட பவர் டிரான்சிஸ்டர் ஐஆர்எஃப்510, சாதாரணமா கிடைக்கிற சரக்கு. சால்டரிங் தெரிஞ்சா நீங்களே மாத்திடலாம். வசதிகள் குறைவுதான், ஆனா ரிப்பேர் பயமும் குறைவு.

எது அதிகமா பழுதாகும்? பழைய செட்டுல எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் காய்ஞ்சு போகும். ஆன்டெனா சரியா இல்லாம டிரான்ஸ்மிட் பண்ணா பவர் டிரான்சிஸ்டர் போகலாம். அதனால முதல்ல ஒரு எஸ்டபிள்யூஆர் மீட்டர் வாங்குங்க. இடி மின்னல் வரும்னு தெரிஞ்சா முன்கூட்டியே ஆன்டெனா கேபிளையும் பவர் பிளக்கையும் கழட்டிடுங்க. இதுக்கு ஒரு பைசா செலவில்லை.

கடைசியா ரெண்டு வார்த்தை. இது பொழுதுபோக்குச் செலவு, சம்பள வருமானத்துல வரிக் கழிவு கிடையாது. மாசம் ₹500 தனியா ஒரு ஆர்டி-ல போடுங்க. செட் மக்கர் பண்ணுற அன்னைக்கு கிரெடிட் கார்டைத் தேட வேண்டாம்.

உங்க செட்டுக்கான கணக்கை எப்படிப் போடுறதுன்னு நம்ம சேனல் வீடியோவுல பாருங்க.