கடைச்சற்பொறியும் பட்டறையிற் செய்யும் பிடிகருவிகளும்

திருப்பூர் என்றவுடன் யாவர்க்கும் நினைவில் எழுவது பனியனே. 1920களில் அவ்வூரிற் பின்னலாலைகள் தோன்றின. அவற்றின் புகழை நாடறியும். ஆனால் அவ்வாலைகளின் உருளையோ புஷ்ஷோ தேய்ந்து இயந்திரம் நின்றபோது, புதிய உறுப்பைக் கடைந்து தரும் சிறு லேத்துப் பட்டறையை நினைப்பார் சிலரே.

லேத்து என்று நாம் வழங்கும் பொறிக்குக் கடைச்சற்பொறி என்னும் நல்ல தமிழ்ப் பெயருண்டு. தயிர் கடைதலும் கட்டை கடைதலும் ஒரே வினைச்சொல்லாற் குறிக்கப்படுதல் நோக்கற்பாலது. மத்தினைக் கயிற்றாற் சுழற்றுமாறு போலவே, பண்டைக் கடைச்சற்காரரும் கட்டையைக் கயிற்றால் முன்னும் பின்னும் சுழற்றினர். அத்தொழில் இரும்பிற்கு வந்தபோது உளியைக் கையாற் பிடித்தல் அரிதாயிற்று. 1797ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் ஹென்றி மாட்ஸ்லே என்பார், உளியைத் தாங்கி நகரும் பீடமும் திருகாணி வெட்டும் அமைப்பும் ஒருங்கே கொண்ட பொறியை ஆக்கினார். அமெரிக்கராகிய டேவிட் ஜிஞ்சரி, கரியடுப்பில் அலுமினியத்தை உருக்கி வார்த்தே ஒருவன் தன் வீட்டிற் கடைச்சற்பொறி செய்துகொள்ளும் வழியை 1980களில் நூலாக எழுதினார். இப்பொறி தனக்கு வேண்டும் துணைக்கருவிகளுட் பலவற்றைத் தானே கடைந்து தரவல்லது என்பதே அதன் தனிச்சிறப்பு.

கடைச்சலில் உளி சுழலாது, வேலைப்பொருளே சுழலும். ஆதலின் பொருளைப் பற்றும் முறையே தொழிலிற் பாதி எனலாம். பொதுவாகப் பற்றுவது மூன்று தாடைகளையுடைய சக். தடித்த தண்டுக்கு அது போதும். மெல்லிய வளையத்துக்கோ அதுவே பகை. மூன்றிடத்தில் நெருக்குண்ட வளையம் அவ்விடங்களிற் சிறிது உள்வாங்கி நிற்கும். அந்நிலையில் உட்டுளையை வட்டமாகக் கடைந்து தாடைகளைத் தளர்த்தினால், வளையம் தன் பழைய வடிவுக்கு மீளும். துளையோ வட்டங்கெட்டு மூன்று புடைப்புடையதாகும். இதில் வியப்பு யாதெனில், எதிரெதிர் முனையளக்கும் வெர்னியர் இக்குற்றத்தைப் பெரும்பாலும் காட்டாது. ஒரு புடைப்புக்கு நேரெதிரே ஒரு பள்ளம் அமைதலின், எப்பக்கம் அளப்பினும் அளவு ஏறத்தாழ ஒன்றாகவே வரும்! பேரிங் சரியாக அமராதபோதுதான் உண்மை வெளிப்படும்.

இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. வேலைப்பொருளின் வெளி விட்டத்துக்குச் சரியாக ஒரு தடித்த வளையத்தின் உட்புறத்தைக் கடைந்து, அதனை ஓரிடத்தில் அறுத்துப் பிளவு செய்க. இப்பிளவு வளையத்தினுள் பொருளை வைத்துச் சக்கினை இறுக்கினால், அழுத்தம் மூன்றிடத்தில் நில்லாது சுற்றெங்கும் பரவும். முதலாந் தாடைக்கு நேரே வளையத்தில் ஒரு குறியிடுதல் நன்று. மறுமுறை மாட்டும்போது அதே நிலையில் அமையும். தாடைகளின் மேற்பகுதியைக் கழற்றி மாற்றத்தக்க சக்காயின், மெல்லிரும்பாலோ அலுமினியத்தாலோ மேற்றாடைகள் செய்து, அவற்றைச் சக்கிலேயே பூட்டிக் கடையலாம். அப்போது அவற்றின் உட்பகுதியில் ஒரு வட்டத்தகட்டை இறுகப் பிடித்திருத்தல் வேண்டும். இன்றேல் திருகுச்சுருளின் தளர்ச்சியால் தாடைகள் நிலை பெயரும்.

துளை முன்னரே முடிந்த பொருளுக்கு மேண்ட்ரல் என்னும் ஊடுதண்டு உதவும். ஓரடி நீளத்துக்கு ஓரங்குலத்தில் ஆயிரத்தில் ஆறு பங்கு என்னும் நுண்ணிய சரிவோடு கடைந்த தண்டில் பொருளை ஏற்றினால், அது தானே இறுகும். அத்தண்டைச் சுழற்றும் சிறு பிடிக்கு ஆங்கிலேயர் சுமப்போன் எனவும் அமெரிக்கர் நாய் எனவும் பெயரிட்டனர். கவ்வினால் விடாமையின், பின்னதே பொருத்தம் என்பது என் கருத்து.

60 பாகைக் கூர்முனையையும் பட்டறையிலேயே ஆக்கலாம். சக்கிற் பற்றிய இரும்புத் துண்டை அங்கேயே கடைந்தால், சக் சிறிது பிழைபட்டிருப்பினும் முனை சுழலச்சோடு ஒத்து நிற்கும். கழற்றி மீண்டும் மாட்டினால் மறுபடி ஒருமுறை கடைதல் வேண்டும்.

எல்லாவற்றையும் இவ்வாறு செய்தல் தகாது. வார்ப்பிற் குறையுள்ள தட்டு வேகத்திற் பிளந்தால் எதிர்நிற்பவன் உயிருக்கே கேடாம். ஒருபுறம் கனத்த பொருளை முகத்தட்டிற் பூட்டுங்கால், மறுபுறம் ஈடாக எடை கட்டி, முதலிற் கையாற் சுழற்றிப் பார்த்தல் வேண்டும். சக் சாவியைச் சக்கிலேயே மறந்து பொறியை ஓட்டுதல் மற்றொரு பெருங்கேடு. சாவி அம்புபோற் பறக்கும். சாவியின் முனையில் ஒரு சுருள்வில்லைப் பொருத்திவிட்டால், கை எடுத்தவுடன் அது வெளியே தள்ளப்பட்டுக் கீழே விழும். ஒரு பழைய சுருள்வில்லும் கால்மணி நேரமும் அதற்குப் போதும்.